வளையம் பத்தடியில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய நகராட்சி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நம் நீலகிரி ஊர்த் திடலில் சாய்ந்து நிற்கும் கூடைப்பந்துக் கம்பத்தைப் பற்றித் தங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் கொடுத்த மூன்று மனுக்களின் நகல்கள் என்னிடம் இருக்கின்றன. சென்ற மே மாத சீசனில் திடலை வாகன நிறுத்தமாக்கியபோது, ரிவர்ஸ் எடுத்த சுற்றுலா வேன் ஒன்று இடித்த கம்பம் அது. வளையம் 10 அடி உயரத்தில் இருக்க வேண்டும். என் கணவர் டேப் வைத்து அளந்தபோது 9 அடி 7 அங்குலம்தான் இருந்தது.

அவர் மாநில அணிக்கு ஆடியவர் என்பதைத் தாங்களே நன்கு அறிவீர்கள். குடியரசு தினந்தோறும் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது தாங்கள்தானே. இப்போது எங்கள் மகனும் பந்தைக் கையில் எடுத்துவிட்டான். விடியற்காலையில் பனியில் நனைந்த சிமெண்ட் தரையை அப்பாவும் பிள்ளையுமாகக் கோணிச்சாக்கால் துடைத்துவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். சென்ற மாதம் கோவையில் நடந்த அணித் தேர்வில் யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோக்கள் பத்தை அவன் எறிந்ததில், ஏழு எறிதல்கள் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பின. “அப்பா பேரைக் கெடுத்துட்டியே தம்பி” என்று யாரோ சிரித்தார்களாம். ஊர் திரும்பும் பேருந்து குன்னூரைத் தாண்டும்வரை அவன் வாய் திறக்கவில்லை. பேரைக் கெடுத்தது அந்த ஐந்து அங்குலம் என்பதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

ரத்தத்திலேயே வரும் என்று ஊரார் சொல்கிறார்கள். அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 16 சீசன்கள் ஆடிய டெல் கரியின் மகன்தான் ஸ்டீபன் கரி. அந்த மகனுக்கே ரத்தம் மட்டும் போதவில்லை. பள்ளிப் பருவத்தில் இடுப்பருகிலிருந்து எறிந்துகொண்டிருந்தவனைத் தலைக்கு மேலிருந்து எறியும்படி தந்தை திருத்த வேண்டியிருந்தது. 2021இல், தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களின் மொத்த எண்ணிக்கையில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே எல்லோரையும் முந்தியது அந்தக் கைதான். என் கணவரும் மகனின் கையைத் திருத்துவார். கம்பத்தை நிமிர்த்துவது அவர் வேலையன்று.

இந்த மே மாதமும் திடல் வாகனங்களுக்கே என்று நேற்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறீர்கள். மலர்க் கண்காட்சிக்கு வருபவர்கள் வரட்டும், அவர்களால்தான் பாதி ஊர் பிழைக்கிறது. ஆனால் வருடத்தில் மீதி நாட்களும் இங்கே குழந்தைகள் வளர்கிறார்கள் என்பது யாருக்காவது நினைவிருக்கிறதா? எங்கள் பீரோவில் நான்கு பொன்னாடைகள் மடித்தபடி கிடக்கின்றன. வளையத்துக்கு வலையும் இல்லாததால், அவற்றில் ஒன்றைக் கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். சீசன் தொடங்குமுன் கம்பத்தை நிமிர்த்தி, வளையத்தை 10 அடியில் பொருத்தி, அதைச் சுற்றி வாகனங்கள் நிற்காமல் தடுப்பு அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அளப்பதற்கு டேப் வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் இருக்கிறது. மகன் கொண்டுவந்து தருவான்.

இப்படிக்கு,
திடலுக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் ஒரு தாய்