பூட்டும் சாவியும் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் தங்கள் அறிவியல் பக்கத்தில் மூளையைப் பற்றி வந்த கட்டுரையை எனது உயர்தர வகுப்பில் உரக்க வாசித்தேன். ஹட்டனுக்கு அருகில் தோட்டப் பாடசாலை ஒன்றில் 19 ஆண்டுகளாக அறிவியல் கற்பிப்பவள் நான். நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இரசாயனமான குளுட்டமேற்று என்பது சாவி, அதை ஏற்கும் நரம்புக் கலத்திலுள்ள வாங்கி என்பது பூட்டு என்று எழுதி, கட்டுரையாளர் அத்துடன் நிறுத்திவிட்டார். அடைமழையில் நிலை ஊறிப்போன லயத்துக் கதவை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். சாவி சரியாகத்தான் சுழலும், கதவு அசையாது. அந்த நிலையையும் கீலையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

அம்பா வகை குளுட்டமேற்று வாங்கிகள் பெரும்பாலும் தனியாக இயங்குவதில்லை. துணைப் புரதங்கள் அவற்றோடு ஒட்டியிருக்கின்றன. இது தெரியவந்ததே ஓர் எலியால்தான். தலையை மேல்நோக்கி வெட்டி வெட்டி இழுக்கும், தள்ளாடி நடக்கும், இடையிடையே சில கணங்கள் உறைந்து நிற்கும் எலி அது. விண்மீன் பார்ப்பது போன்ற அதன் தோற்றத்தை வைத்தே ஸ்டார்கேசர் என்ற பெயரும் வந்தது. அதில் பழுதான பரம்பரையலகை 1998இல் கண்டறிந்தார்கள். அது ஆக்கும் புரதம் ஸ்டார்கேசின். அந்தப் புரதம் இல்லாதபோது உடலின் சமநிலையைக் கவனிக்கும் எலியின் சிறுமூளைக் கலங்களில் அம்பா வாங்கிகள் கலத்தின் மேற்பரப்புக்கே சரியாக வந்து சேர்வதில்லை என்பது 2000இல் தெளிவாயிற்று. வாங்கியை மேலே கொண்டுவருவதும், இரு கலங்கள் சந்திக்கும் இடத்தில் நிறுத்திவைப்பதும், சில மில்லிசெக்கன்களே திறக்கும் அந்த வாயில் எவ்வளவு விரைவில் மூடவேண்டும் என்பதை மாற்றுவதும் இத்தகைய புரதங்கள்தாம்.

மருந்துக்கும் இது முக்கியம். வலிப்புக்கான பெரம்பனெல் 2012இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. அது அம்பா வாங்கிகளை மூளை எங்கும் தடுப்பதால் தலைச்சுற்றும் தள்ளாட்டமும் வரக்கூடும். ஆனால் ஸ்டார்கேசினின் உறவுப் புரதமான காமா-8, சில வகை வலிப்புகள் தொடங்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் செறிந்திருக்கிறது, சிறுமூளையில் மிகக் குறைவு. காமா-8 ஒட்டியுள்ள வாங்கிகளை மட்டும் அடக்கும் சேர்மங்களை ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். இந்தச் செய்தியைக் கேட்டபோது என் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எனக்கு அந்த எலி வேறொன்றையும் நினைவூட்டுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் தரம் 6இல் ஒரு சிறுமி வாசித்துக்கொண்டிருந்தாள். "இலையின்" என்ற சொல்லோடு நின்றாள். கண் ஒரே இடத்தில் நிலைத்தது, இமை மட்டும் துடித்தது. பராக்குப் பார்க்கிறாய் என்று கடிந்தேன். பத்து செக்கன் போயிருக்கும். "பச்சையம்" என்று விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். நான் கடிந்தது அவள் காதில் விழவே இல்லை. பிறகு, கொழுந்து பறிக்கும் அவளுடைய தாய் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து அவளை நுவரெலியாவுக்குக் கூட்டிச் சென்றார். கணநேரம் நினைவு தப்பும் வலிப்பு என்றார் வைத்தியர். மருந்தில் குணம் கண்டது. அவளுடைய நோய்க்கு ஸ்டார்கேசின் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கடிந்த சொல்லை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

துணைப் புரதங்களைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுங்கள். அதனருகே இந்த வலிப்பின் அடையாளங்களையும் ஒரு பெட்டியில் எளிமையாக அச்சிடுங்கள். வெட்டியெடுத்து ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை,
ஹட்டன்.