ராச்சின்ஸ்கி கட்டுரை குறித்து

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதமும் கட்டுரையின் முதல் வரைவும் வந்து சேர்ந்தன. லண்டனில் போலந்தின் தூதராகவும், பின்னாளில் அதன் நாடுகடந்த அரசின் தலைவராகவும் இருந்த எட்வர்ட் ராச்சின்ஸ்கியைப் பற்றித் தமிழில் எழுத முன்வந்ததற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். போலந்து என்றால் நம்மவர்களுக்கு வலேசாவும் போப் இரண்டாம் ஜான் பாலும்தான் நினைவுக்கு வருவார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குமேல் லண்டனில் இருந்துகொண்டு ஒரு நாட்டின் பெயரைக் காத்தவரை யாரும் பேசுவதில்லை.

வரைவில் எனக்கு ஒத்துவராதது ஒன்றுதான். அவரை நாடிழந்த துயரத்தின் உருவமாகவே முழுக்கக் காட்டியிருக்கிறாய். 1891 டிசம்பர் 19 அன்று ஜகோபானேயில் பெரிய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், போஸ்னான் அருகே ரோகாலின் அரண்மனையில் வளர்ந்தவர், எல்லாம் போய் லண்டனில் வாழ்ந்தார் என்பதெல்லாம் சரி. ஆனால் அவருடைய வேலை என்ன என்று படிக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு ஆவணத்தால் எதைச் சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்பதை அவரைப்போல அறிந்தவர்கள் குறைவு. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு எழுதிப் பார். துயரம் தானே வந்துவிடும்.

முதல் ஆவணம் 1939 ஆகஸ்ட் 25 அன்று கையெழுத்தான ஆங்கில-போலந்து உடன்படிக்கை. பிரிட்டன் சார்பில் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், போலந்து சார்பில் 1934 முதல் அங்கே தூதராக இருந்த ராச்சின்ஸ்கி. இரண்டு நாள் முன்புதான் மாஸ்கோவில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவும் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பும் ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கியிருந்தார்கள். உடன்படிக்கையில் எட்டுப் பிரிவுகள். ஒரு "ஐரோப்பிய வல்லரசு" ஆக்கிரமித்தால் மற்ற நாடு உடனே தன்னால் இயன்ற எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்கிறது முதல் பிரிவு. இத்துடன் ஓர் இரகசிய இணைப்பும் உண்டு. அந்த வல்லரசு என்பது ஜெர்மனியைத்தான் குறிக்கும், வேறு வல்லரசு தாக்கினால் இரு நாடுகளும் கலந்தாலோசிக்கும் என்பது அதில் இருக்கிறது. செப்டம்பர் 17 அன்று சோவியத் படை கிழக்கிலிருந்து நுழைந்தபோது பிரிட்டன் போர் தொடுக்காததை நீ "துரோகம்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டாய். இணைப்பைச் சேர்த்துப் படித்தால், அந்த நாளில் பிரிட்டன் தன் கையெழுத்தை மீறவில்லை. பின்னாளில் தெஹ்ரான், யால்டா மாநாடுகளில் நேச நாட்டுத் தலைவர்கள் போலந்தின் கிழக்குப் பகுதியைப் போலந்தைக் கேட்காமலே விட்டுக்கொடுத்ததுதான் வேறு கதை. இரண்டையும் பிரித்து எழுது.

அடுத்து, நாடு ஜெர்மனியிடமும் சோவியத்திடமும் வீழ்ந்த பின் வெளிநாட்டிலிருந்து இயங்கிய நாடுகடந்த அரசு எப்படிச் சட்டப்படி உயிரோடிருந்தது என்பதை நீ விளக்கவே இல்லை. இதுதான் கட்டுரையின் முதுகெலும்பாக இருக்க வேண்டும். போலந்தின் 1935 அரசியலமைப்பில் 24-ஆம் பிரிவு என்று ஒன்று. போர்க்காலத்தில் குடியரசுத் தலைவரின் பதவிக்காலம், சமாதானம் ஏற்பட்டு மூன்று மாதம் வரை நீளும். இடையில் பதவி காலியானால் யார் வருவது என்பதை அவரே எழுதி, அரசிதழில் வெளியிடலாம். தேர்தல் வேண்டாம், நாடாளுமன்றம் கூட வேண்டாம். தலைவர் மொஷ்சிட்ஸ்கி ருமேனியாவில் சிறைவைக்கப்பட்ட நிலையில் இந்தப் பிரிவைப் பயன்படுத்தித்தான் விலகினார். முதலில் அவர் பெயரிட்டது ரோமில் தூதராக இருந்த தளபதி வியெனியாவாவை. பிரான்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அதன்பின் ராச்கியெவிச்சைப் பெயரிட்டார். அவர் 1939 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் உள்ள போலந்துத் தூதரகத்தில் பதவியேற்றார். அரசு பாரிஸிலிருந்து ஆஞ்ஜேவுக்கும், பிரான்ஸ் வீழ்ந்ததும் 1940 ஜூனில் லண்டனுக்கும் இடம் மாறியது. சங்கிலி மட்டும் அறவில்லை. (ராச்கியெவிச், ராச்சின்ஸ்கி என்ற இரண்டு பெயர்களும் உன் மூன்றாம் பக்கத்தில் இடம் மாறிக் கிடக்கின்றன. சரிபார்த்துவிடு.)

1941 ஜூலை 30 அன்று பிரதமர் சிகோர்ஸ்கி சோவியத் தூதர் மாய்ஸ்கியுடன் ஒப்பந்தம் செய்தார். போருக்கு முந்தைய கிழக்கு எல்லை அதில் வெளிப்படையாக உறுதி செய்யப்படவில்லை என்று வெளியுறவு அமைச்சர் அவ்குஸ்ட் ஜலெஸ்கி பதவி விலகினார். இந்தப் பெயரை நினைவில் வை, பின்னால் திரும்ப வரும். அமைச்சகப் பொறுப்பு ராச்சின்ஸ்கியிடம் வந்தது, தூதர் பதவியையும் அவர் விடவில்லை. 1943 ஜூலையில் சிகோர்ஸ்கி ஜிப்ரால்டர் விமான விபத்தில் இறக்கும்வரை இரண்டு நாற்காலியிலும் அவரே.

அந்தக் காலத்தில் வந்ததுதான் 1942 டிசம்பர் 10 தேதியிட்ட குறிப்பு. நீ இதற்கு நான்கு வரி ஒதுக்கியிருக்கிறாய். நான் எழுதினால் நான்கு பக்கம் ஒதுக்குவேன். ஜெர்மனியின் பிடியிலிருந்த போலந்தில் யூதர்கள் திட்டமிட்டு முற்றாக அழிக்கப்படுகிறார்கள் என்று ஓர் அரசு மற்ற அரசுகளுக்கு முறையாக, கையெழுத்திட்டு அறிவித்த ஆவணம் அது. தலைமறைவு இயக்கத்தின் அறிக்கைகள் இரகசிய வழிகளில் லண்டனுக்கு வந்துகொண்டிருந்தன. யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவுக்குள் இருமுறை புகுந்து கண்ணால் கண்ட தலைமறைவு இயக்கத் தூதர் யான் கார்ஸ்கி நவம்பரில் வந்து சேர்ந்தார். இவற்றையெல்லாம் திரட்டி, ஐக்கிய நாடுகள் பிரகடனம் என்ற நேச நாடுகளின் போர்க்காலக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்ட அரசுகளுக்கு அந்தக் குறிப்பு போனது. பிறகு சிறு நூலாகவும் அச்சாயிற்று.

அதன் நடையைக் கவனித்துப் பார். புலம்பல் இல்லை, வசை இல்லை. ஜூலை 22 அன்று வார்சாவில் வெளியேற்றம் தொடங்கியது, யூத மன்றத் தலைவர் செர்னியாகோவ் தற்கொலை செய்துகொண்டார், நாற்பது பேர் கொள்ளும் சரக்கு வண்டியில் நூற்றிருபது பேரை அடைத்தார்கள், வண்டித் தளத்தில் சுட்ட சுண்ணாம்பும் குளோரினும் கொட்டியிருந்தார்கள், ரயில்கள் திரெப்ளிங்கா, பெல்ஜெட்ஸ், சோபிபோர் என்ற இடங்களுக்குப் போயின என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது. எனக்கு மறக்க முடியாத வரி ரேஷன் அட்டையைப் பற்றியது. வார்சா கெட்டோவில் செப்டம்பர் மாதத்துக்கு 1,20,000 அட்டைகள் கொடுத்தார்கள், அக்டோபருக்கு 40,000 அட்டைகளே கொடுக்கப்பட இருந்தன. அவ்வளவுதான். மீதி 80,000 பேர் எங்கே என்று கேட்கும் வேலையைப் படிக்கிறவரிடமே விட்டுவிடுகிறது.

மொத்தக் கணக்கிலும் அதே நிதானம். போருக்கு முன் போலந்தில் இருந்த 31,30,000 யூதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூன்று ஆண்டுகளில் மாண்டார்கள் என்கிறது குறிப்பு. உண்மையில் அதற்குள் மாண்டவர்கள் இதைவிட மிக அதிகம். கையில் இருந்த சான்றுக்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லியிருந்தால் போர்க்காலப் பிரசாரம் என்று ஒதுக்கியிருப்பார்கள். முதல் உலகப் போரில் பரவிய பொய்க் கொடுமைக் கதைகள் லண்டனில் எல்லாருக்கும் நினைவிருந்தன.

பலன் ஏழே நாளில் தெரிந்தது. டிசம்பர் 17 அன்று 11 நேச அரசுகளும் பிரெஞ்சு தேசியக் குழுவும் கூட்டாகக் கண்டனப் பிரகடனம் வெளியிட்டன. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடன் அதை அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மக்களவையில் வாசித்ததும் உறுப்பினர்கள் எழுந்து மௌனமாக நின்றார்கள். இத்தோடு உன் வரைவு நிறுத்திக்கொள்கிறது. நிறுத்தாதே. குறிப்பு இரண்டு கோரிக்கைகளை வைத்தது. ஒன்று, குற்றத்தைக் கண்டித்துக் குற்றவாளிகளைத் தண்டிக்க வேண்டும். மற்றது, கொலை மேற்கொண்டு தொடராதபடி ஜெர்மனியைத் தடுக்க வழி காண வேண்டும். பிரகடனம் முதல் கோரிக்கைக்கு மட்டும் பதில் சொன்னது. இரண்டாவதை யாரும் தொடவில்லை. 1943 ஏப்ரலில் வார்சா கெட்டோவில் எழுச்சி வெடித்த அதே நாளில் பெர்முடாவில் அகதிகள் மாநாடு தொடங்கியது, உருப்படியான முடிவு ஏதும் எடுக்காமலே கலைந்தது. ஏன்? குறிப்பை எழுதிய அரசிடம் அதை நிறைவேற்றும் பலம் இல்லை, பலம் இருந்தவர்களுக்குப் போரை வெல்வதுதான் முதல் வேலை. இதை எழுதாமல் ராச்சின்ஸ்கியைப் புகழ்வதில் பொருளில்லை.

கத்தின் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிப் போகலாம். அங்கே சோவியத் தரப்பு கொன்று புதைத்த போலந்து இராணுவ அதிகாரிகளின் புதைகுழிகளை ஜெர்மனி 1943 ஏப்ரல் 13 அன்று அறிவித்தது, போலந்து அரசு செஞ்சிலுவைச் சங்கத்தின் விசாரணையைக் கேட்டது, அதையே சாக்காக வைத்து ஏப்ரல் 25 அன்று மாஸ்கோ உறவை முறித்துக்கொண்டது.

1945 ஜூலை 5-ஐ விரிவாக எழுது. அன்றுதான் பிரிட்டனும் அமெரிக்காவும் லண்டன் அரசின் அங்கீகாரத்தை விலக்கி வார்சாவில் சோவியத் ஆதரவுடன் அமைந்த புதிய அரசை ஏற்றன. அங்கீகாரம் போவது என்றால் என்ன என்பதை வாசகனுக்குக் கையில் தொட்டுக் காட்டு. கட்டடம் போகும்: போர்ட்லண்ட் பிளேஸ் 47-ஆம் எண் தூதரகத்தை ராச்சின்ஸ்கி ஒப்படைக்க வேண்டியதாயிற்று. தூதர் என்ற தகுதி போகும், வழங்கும் கடவுச்சீட்டு செல்லாது, கடன் வாங்க முடியாது, படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அவர் முறைப்படி எதிர்ப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். காப்பாற்ற முடிந்தது காகிதங்களைத்தான். அந்த ஆண்டு மே மாதம் தொடங்கிய சிகோர்ஸ்கி ஆய்வு நிறுவனத்தில், பிரின்சஸ் கேட் 20-ஆம் எண்ணில், தூதரக ஆவணங்கள் இன்றும் இருக்கின்றன. நீ எப்போதாவது லண்டன் போனால் அங்கே போகாமல் வராதே.

அங்கீகாரம் ஒரே நாளில் எல்லா இடத்திலும் போய்விடவில்லை என்பதையும் சேர். அயர்லாந்தும் ஸ்பெயினும் பல ஆண்டுகள் பழைய அரசோடேயே உறவு வைத்திருந்தன. வத்திக்கான் 1972 வரை வைத்திருந்தது.

பிரிட்டனில் தங்கிவிட்ட போலந்துக்காரர்கள் 1951 கணக்கெடுப்பில் சுமார் 1,60,000 பேர். டாங்கிப் படையை நடத்திய தளபதி மாச்செக் எடின்பரோவில் ஒரு மதுக்கூடத்தில் வேலை செய்தார். இப்படிப்பட்டவர்கள் தந்த சந்தாவில்தான் அரசு ஓடியது. 1949-இல் "தேசியக் கருவூலம்" என்ற பெயரில் விருப்ப நன்கொடை திரட்ட ஆரம்பித்தார்கள். வரி விதிக்க அதிகாரமில்லாத அரசுக்கு இதைவிட்டால் வேறு வருவாய் ஏது?

இப்போது ஜலெஸ்கியிடம் திரும்ப வருவோம். 1947-இல் ராச்கியெவிச் இறந்ததும் 24-ஆம் பிரிவின்படி ஜலெஸ்கியே தலைவரானார். அரசியலமைப்பில் தலைவரின் சாதாரணப் பதவிக்காலம் ஏழு ஆண்டு. 1954 ஜூனில் அது முடிந்தது. விலகுவார் என்று எல்லாக் கட்சிகளும் எதிர்பார்த்து, மார்ச்சிலேயே ஒற்றுமை ஒப்பந்தம் போட்டு, அடுத்தவராகத் தளபதி சொஸ்ன்கோவ்ஸ்கியை முடிவு செய்திருந்தன. ஜலெஸ்கி விலகவில்லை. போர்க்காலத்தில் பதவி நீளும் என்று 24-ஆம் பிரிவைக் காட்டினார். சமாதான உடன்படிக்கை எதுவும் கையெழுத்தாகாத நிலையில் எழுத்தளவில் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலக்கெடு இல்லாத பதவியை ஏற்க மற்றவர்கள் தயாராக இல்லை. அவர்கள் தலைவரின் இடத்தில் மூவர் மன்றத்தை அமைத்தார்கள்: முன்னாள் பிரதமர் ஆர்ச்சிஷெவ்ஸ்கி, தளபதி ஆண்டர்ஸ், ராச்சின்ஸ்கி. ஒரே நகரத்தில் இரண்டு போலந்து அரசுகள், பதினெட்டு ஆண்டுகள்! தம்மை அங்கீகரிக்க ஆள் அருகிப்போன நேரத்தில் அவர்களே ஒருவரை ஒருவர் அங்கீகரிக்கவில்லை. அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி இதுதான். 1972 ஏப்ரலில் ஜலெஸ்கி இறந்து, ஓஸ்த்ரோவ்ஸ்கி தலைவரான பிறகே மூவர் மன்றம் கலைந்து இரு தரப்பும் ஒன்றாயின.

ராச்சின்ஸ்கி 1979 ஏப்ரல் 8 அன்று தலைவரானார். வயது 87. நாட்டுக்குள் வலேசாவின் சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கம் தோன்றியதும், 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் வந்ததும் அவர் காலத்தில்தான். ஆனால் அவருடைய முக்கியமான செயல் என்று நான் சொல்வது 1986 ஏப்ரல் 8-ஐத்தான். ஏழு ஆண்டு முடிந்த அதே நாளில், 94 வயதில், தம் பிரதமராக இருந்த சபாட்டிடம் பதவியைக் கொடுத்துவிட்டு இறங்கினார். யாரும் நெருக்கவில்லை. 24-ஆம் பிரிவை அவரும் காட்டியிருக்கலாம். 1954-இல் எதை எதிர்த்துப் பிரிந்தாரோ அதைத் தாம் செய்யக்கூடாது என்று நடந்துகாட்டினார். உன் கட்டுரையில் இந்தத் தேதி இல்லவே இல்லை.

சபாட் 1989 ஜூலை 19 அன்று இறந்தார், கச்சொரோவ்ஸ்கி தலைவராக வந்தார். 1990 டிசம்பர் 22 அன்று வார்சா அரண்மனையில் குடியரசின் கொடி, முத்திரைகள், 1935 அரசியலமைப்பின் மூலப்படி எல்லாவற்றையும் தேர்தலில் வென்ற வலேசாவிடம் அவர் ஒப்படைத்தார். 99-ஆம் வயதில் ராச்சின்ஸ்கி இதைக் கேட்டறிய உயிரோடிருந்தார். பார்வைதான் போயிருந்தது. அந்த ஆண்டே ரோகாலின் அரண்மனையையும் அதன் ஓவியக் கூடத்தையும் ஓர் அறக்கட்டளை மூலம் போஸ்னான் தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் நாட்டுக்கே விட்டுக்கொடுத்தார். 1993 ஜூலை 30 அன்று லண்டனில் காலமானார். அடக்கம் ரோகாலின் ஆலயத்தில்.

தொடக்கத்தில் அரண்மனை வர்ணனையைக் குறைத்து, 24-ஆம் பிரிவை இரண்டாம் பக்கத்துக்கே கொண்டுவா. அது புரியாமல் 1954-உம் புரியாது, 1986-உம் புரியாது. திருத்திய பிரதியை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒருமுறை அனுப்பு, தேதிகளைப் பார்த்துத் தருகிறேன். தங்கைக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வேலாயுதம்