புலிக்கோடு போட்ட அறுபது பேர்

காஞ்சிபுரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள சங்கர்,

உன் இரண்டு கடிதமும் வந்தன. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. சரஸ்வதி அவளுக்கென்று ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். ஏழு மாதமாகப் பதில் போடாததற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு.

படை கட்டிக்கொண்டிருக்கிறேன்டா.

இந்த முறை புளியங்கொட்டை இல்லை. வெள்ளீயக் கலவையில் வார்த்த சிப்பாய்கள், ஆளுக்கு 28 மில்லிமீட்டர் உயரம். அச்சு சேர்ந்த இடத்தில் இருக்கும் பிசிறை அரம் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, அடிப்பூச்சு அடித்து, பிறகுதான் வண்ணம். உங்கள் வீட்டுத் திண்ணையில் நாம் ஆடியதைத்தான் இப்போது சாப்பாட்டு மேசையில் ஆடப் போகிறேன். எந்தப் போர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ எப்போதும் மைசூர் ஹைதர் அலி பக்கம்தான் கேட்பாய், தராவிட்டால் ஆட்டத்தைக் கலைத்துவிட்டு எழுந்து போவாய். அந்த ஒன்பதாவது கொட்டையை எங்கே ஒளித்தாய் என்று இன்றுவரை நீ வாய் திறக்கவில்லை.

இங்கே காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூர், 1780 செப்டம்பர் 10. கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கர்னல் பெய்லியிடம் ஏறத்தாழ 3,800 பேர். இருபது பேருக்கு ஒரு பொம்மை என்று கணக்கு வைத்தேன், 190 வந்தது. அதே கணக்கில் ஹைதர் ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்துக்குள் கொண்டுவந்த எண்பதாயிரத்தைச் செய்தால் நாலாயிரம் பொம்மை வேண்டும், அதற்கு இந்த வீடு போதாது. அதனால் மைசூர் பக்கம், சதுரமாக அணிவகுத்து நின்ற பெய்லி படையை நெருங்கிய முன்வரிசை மட்டும்: காலாட்கள், குதிரைகள், பீரங்கிகள், ராக்கெட்காரர்கள். ராக்கெட்டுக்கு என்ன செய்தேன் தெரியுமா? மைசூர் ராக்கெட் என்பது இரும்புக் குழாய், அதன் வாலில் நீளமான மூங்கில். இந்த அளவில் மூங்கிலுக்குத் தென்னை ஈர்க்கைவிடப் பொருத்தமானது வேறில்லை. விளக்குமாற்றில் பாதி காலி. சரஸ்வதிக்கு முதலில் கோபம், இப்போது அவளே ஈர்க்கு சீவித் தருகிறாள்.

இனிதான் விஷயம். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மைசூர் காலாட்படை அறுபது பேருக்கு ஊதா நிறச் சட்டை, அதன்மேல் வெள்ளையில் புலிக்கோடு. ஜீரோ நம்பர் பிரஷ்ஷில், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு சட்டைக்கு முப்பது கோடாவது இழுக்க வேண்டும். மூன்று மாதம் ஆயிற்று. வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது, சங்கர், அப்படி ஒரு அழகு. மறுநாள் காலை காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. புலிக்கோடு திப்புவின் அடையாளம். அவர் பட்டத்துக்கு வந்தது ஹைதர் இறந்தபின், 1782 டிசம்பருக்குப் பிறகு. புள்ளலூரில் திப்பு இருந்தார், ஆனால் இளவரசராக, அப்பாவின் படையில். நான் அந்த அறுபது பேருக்கும் இன்னும் தைக்கப்படாத சட்டையை மாட்டிவிட்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பையன் பிரவீன்தான் என்னோடு ஆடுகிறவன். “இருக்கட்டும் சார், யாருக்குத் தெரியப் போகிறது?” என்றான். நல்ல பையன். ஆனால் எனக்குத் தெரியுமே. அந்த வயலில் ஒரே காலைப்பொழுதில் ஆயிரக்கணக்கான பேர் செத்திருக்கிறார்கள். அவர்களை வைத்து ஆடுகிறோம் என்றால் சட்டையையாவது சரியாகப் போட வேண்டும். அந்தக் கடன் நமக்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

அறுபதையும் டெட்டாலில் ஊறப் போட்டேன். ஒருநாள் ஊறினால் வண்ணம் தோல் மாதிரி உரிந்து வரும். தேய்க்கும்போது தண்ணீர் படக் கூடாது, பட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். டெட்டாலிலேயே பழைய பல் துலக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்து, கடைசியில்தான் சோப்பும் தண்ணீரும். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசம். யாருக்கோ பிரசவம் என்று நினைத்து எதிர்வீட்டு மாமி விசாரிக்க வந்துவிட்டாள். முப்பத்தாறு முடிந்தது. இன்னும் இருபத்து நாலு டப்பாவில் ஊறிக்கொண்டிருக்கின்றன.

இப்போது அவர்களுக்கு வெள்ளையும் பழுப்புமாகப் பருத்திச் சட்டை, தலைப்பாகை மட்டும் ஆளுக்கொரு நிறம். பார்க்க எடுப்பாக இல்லைதான். ஆனால் கண் உறுத்தவில்லை.

நீ கேட்பாய், ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவரில்தான் அந்தப் போரையே வரைந்து வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்து அடிக்க வேண்டியதுதானே என்று. திப்புவின் தரியா தௌலத் அரண்மனை மேற்குச் சுவரைத்தானே சொல்கிறாய்? நானும் அதை நம்பித்தான் ஆரம்பித்தேன். பெய்லி பல்லக்கில் விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சுற்றிலும் சிவப்புச் சட்டைச் சதுரம், நடுவில் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. வென்றவர் வீட்டுச் சுவரில் தோற்றவன் முகம் இவ்வளவு கூர்மையாக வந்திருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். ஆனால் அந்த அரண்மனை 1784-ல் கட்டியது, போர் முடிந்து நாலு வருஷம் கழித்து. படம் பிறகு மங்கிப்போய், 1850-களில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி சொல்லி மறுபடி வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். அப்படியென்றால் நாம் பார்க்கிற சிவப்பு எந்தச் சிவப்பு? ஆட்கள் நிற்கிற விதத்துக்கு அந்தச் சுவரை நம்புகிறேன். சட்டை நிறத்துக்கு நம்பத் தயக்கமாக இருக்கிறது.

சிவப்பு என்றதும் கும்பினிப் படை ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொஞ்சம் பேர்தான், பெரும்பகுதி மெட்ராஸ் சிப்பாய்கள். மேலே சிவப்புக் கோட்டு, கீழே தொடை வரைக்கும் அரைக்கால் சட்டை, அதற்குக் கீழே வெறுங்கால். கறுப்பு அடிப்பூச்சின்மேல் சிவப்பு ஏறாது, முதலில் செங்கல் நிறம் அடிக்க வேண்டும். மடிப்பு மேட்டில் வெளிச்சம் காட்ட வெள்ளை கலந்தால் ரோஜா நிறமாகிவிடும், ஆரஞ்சுதான் கலக்க வேண்டும். இதெல்லாம் கை பழகப் பழக வந்துவிட்டது. முகம்தான் வரவில்லை. ‘தோல் நிறம்’ என்று சீட்டு ஒட்டி விற்கிற புட்டி, வெள்ளைக்காரன் தோல். அதை அடித்த முதல் பத்துப் பேரும் வெயிலில் காய்ந்த ஐரோப்பியர்களாக நின்றார்கள். துடைத்துவிட்டேன். காவி, கறுப்பு, மஞ்சள், கொஞ்சம் சிவப்பு எல்லாம் கலந்து ஐந்து பழுப்பு செய்தேன். ஒன்று என் அப்பா நிறம். ஒன்று நம் பி.டி. மாஸ்டர். பிறகு தானாகவே வந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் ஒருத்தரையும் விடவில்லை. ஜெயபாலின் மூக்கு, லியாகத்தின் தாடை, கதிரேசனின் புருவம். இரண்டு மில்லிமீட்டர் முகத்தில் புருவம் தெரியாது என்பாய். எனக்குத் தெரிகிறது.

அப்போதுதான் மனசு கனத்தது. இவர்கள் தமிழும் தெலுங்கும் பேசிய ஆட்கள்டா, இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். மாதச் சம்பளத்துக்குக் கும்பினிக்குப் போனவர்கள். போன மாதம் ஒரு காலை வண்டியை எடுத்துக்கொண்டு புள்ளலூர் போய் வந்தேன். வயல் நடுவே இரண்டு நினைவுத்தூண்கள் நிற்கின்றன. இரண்டும் 1781 ஆகஸ்டில் கும்பினித் தளபதி அயர் கூட் அங்கே நடத்திய அடுத்த சண்டையில் செத்த இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு. பெய்லி கைதியாகிப் போய் 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செத்தார், அவருக்கும் அங்கே கல் இருக்கிறது. சிப்பாய்க்கு ஒரு கல்லும் இல்லை. வரப்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்வதும் இதே புள்ளலூர்தான். அந்தக் காலத்திலிருந்து எத்தனை பேர் அந்த மண்ணில்! ஒரு டப்பா மண் எடுத்து வந்தேன். டீ வடிகட்டியில் சலித்து, பொம்மைகள் நிற்கிற, ஃபெவிகால் தடவிய அடிவட்டங்களில் தூவினேன். 190 பேரும் இப்போது அவர்கள் மண்ணிலேயே நிற்கிறார்கள்.

ஆட்டத்தைப் பற்றியும் உன்னிடம் கேட்க வேண்டும். அப்படியே ஆடினால் பெய்லி தோற்பார், அதில் யாருக்கும் வேலையே இல்லை. உயிர்நாடி கும்பினியின் இன்னொரு தளபதி மன்றோவிடம் இருக்கிறது. ரயத்துவாரி நிலவரி முறை கொண்டுவந்த தாமஸ் மன்றோ என்று நினைத்துக்கொள்ளாதே, இவர் ஹெக்டர் மன்றோ, 1764-ல் பக்சாரில் வென்ற ஆள். காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு உட்கார்ந்திருந்தார். பெய்லிக்கு உதவியாக ஃபிளெட்சர் என்ற அதிகாரியோடு ஆயிரம் பேரை அனுப்பினார், தான் வரவில்லை. கிளம்பியபோது காலம் கடந்துவிட்டது. பிறகு கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். அந்த ஊரில் குடியிருந்துகொண்டு நான் இதை எப்படி மறப்பேன்? அதனால் என் விதி இது: மூன்றாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பகடை. ஆறு விழுந்தால்தான் மன்றோ அசைவார். பத்துச் சுற்று முடியும்போது பெய்லியின் சதுரத்தில் மூன்றில் ஒரு பங்கு நின்றால் கும்பினிக்கு வெற்றி. வெடிமருந்து வண்டிக்குத் தனிப் பகடை, வெடித்தால் பஞ்சுப் புகைக்குள் சின்ன விளக்கு எரியும். பிரவீனோடு மூன்று முறை ஆடிப் பார்த்தேன், ஒரு முறைதான் மன்றோ வந்தார். அவர் வந்த அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு அதிகக் கடுமையா, ஐந்தும் ஆறும் என்று வைக்கலாமா? நீதான் சொல்ல வேண்டும். உன் கணக்கு எப்போதும் நியாயமாக இருக்கும், கொட்டை ஒளிப்பதைத் தவிர.

மைசூரில் இருந்துகொண்டு அரைமணிப் பயணத்துக்குச் சோம்பாதே. வரும் ஞாயிறு ஸ்ரீரங்கப்பட்டணம் போ. மேற்குச் சுவருக்கு முன்னால் ஒரு மணி நேரம் நில். சிப்பாயின் தலைப்பாகை எப்படிக் கட்டியிருக்கிறது, காலில் செருப்பு இருக்கிறதா, ராக்கெட் வைத்திருப்பவன் அதை எந்தத் தோளில் சாய்த்திருக்கிறான், இதையெல்லாம் கண்ணால் பார்த்து நோட்டில் எழுது. உன்னையும் வரைந்திருக்கிறேன். ‘பி’ பிரிவில் நீ ஒருத்தன்தான் எதிர்ப்பக்கம், ராக்கெட் வண்டிக்கு இடதுபுறம், பச்சைத் தலைப்பாகை.

செப்டம்பர் 10 அன்று ஆட்டம். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. வரும்போது உங்கள் வீட்டில் பழைய பல் துலக்கும் பிரஷ் இருந்தால் எறியாமல் கொண்டு வா. இருபத்து நாலு பேர் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
முத்து