செனெகாவின் இரண்டாவது கடிதம்

கண்ணம்மாவுக்கு,

வேலை போனதை மூன்று வாரம் என்னிடம் மறைத்திருக்கிறாய். உன் தம்பி வாய் தவறி உளறியதால் தெரிந்தது. இரண்டு நாள் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை.

நான் படிக்கும் ரோமாபுரிக் கதைகள் என்றாலே நீ கொட்டாவி விடுவாய். இந்த ஒன்றை மட்டும் கேள். கி.பி. 41இல் கிளாடியஸ் சக்கரவர்த்தி, தத்துவஞானி செனெகாவைக் கார்சிகா தீவுக்கு நாடு கடத்தினார். அரச குடும்பத்துப் பெண்ணோடு தகாத உறவு என்று குற்றச்சாட்டு. தீவிலிருந்து தாய் ஹெல்வியாவுக்கு அவர் நீண்ட கடிதம் எழுதினார். அதிர்ஷ்டதேவதை தந்த பணம், பதவி எல்லாவற்றையும் என்னை அசைக்காமலே அவள் திரும்ப எடுத்துக்கொள்ளும் தூரத்தில்தான் வைத்திருந்தேன், ஆகவே எடுத்துக்கொண்டாள், பிய்த்தெடுக்கவில்லை என்கிறார். இரவல் நகையோடு கல்யாணத்துக்குப் போய்வருகிறவளின் நிதானம்!

என் மனம் ஹெல்வியாவிடமே நின்றுவிட்டது. அவளைப் பெற்றபோதே தாய் இறந்துவிட்டாள். பிறகு பாசமான தாய்மாமன் போனார். முப்பது நாளுக்குள் கணவரும் போனார். செனெகாவின் குழந்தை அவள் கையிலேயே உயிர்விட்டது. அதை அடக்கம் செய்து இருபது நாள் ஆவதற்குள் மகனையும் பிரித்துவிட்டார்கள். தத்துவம் படிக்க ஆசைப்பட்டவளைப் பழங்கட்டுப்பாட்டில் ஊறிய கணவர் முழுதாகப் படிக்க விடவில்லையாம். இப்போதாவது படியுங்கள் அம்மா என்று மகன் எழுதுகிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அப்பாவிடம் சொல்லாதே.

அசையாத அந்த மனிதர் அதே தீவிலிருந்து இன்னொரு கடிதமும் எழுதினார். அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த பாலிபியஸுக்குத் தம்பி இறந்த துக்கம், அதற்கு ஆறுதல். ஆனால் உள்ளே கிளாடியஸுக்கு வண்டி வண்டியாகப் புகழ்ச்சி. ஊர் திரும்ப வேண்டுமே! 49இல்தான் திரும்ப அழைத்தார்கள். 54இல் கிளாடியஸ் இறந்ததும் அவரைக் கேலி செய்து எழுதிய கையும் இதே கைதான். வேடதாரி என்று பலர் ஏசுகிறார்கள். எனக்கோ அந்த இரண்டாவது கடிதத்துக்குப் பிறகுதான் செனெகாவைப் பிடித்தது. எட்டு வருடம் தீவில் கிடந்தவர் கெஞ்சாமல் என்ன செய்வார்?

தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்று நீ சொன்னது ஹெல்வியாவுக்கு எழுதிய கடிதம். பாலிபியஸுக்கு எழுத வேண்டியதையும் எனக்கே எழுது. வாடகைக்கு எத்தனை மாதம் தாங்கும்? என் கல் வளையல் லாக்கரில் சும்மாதான் கிடக்கிறது.

அம்மா