ஈ.பி.எப். கணக்குக் கூற்றை லாச்சிக்குள் வைக்காதீர்கள்: யாழ்ப்பாணத்து முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண நகரிலும் சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி, பருத்தித்துறைப் பக்கங்களிலும் கடை, களஞ்சியம், அச்சகம், தனியார் மருத்துவமனை, கல்வி நிலையம், விடுதி நடத்துவோருக்கும், அவர்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதுவோருக்கும்,

வணக்கம்.

உங்களிடம் வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரிலும் ஊழியர் சேமலாப நிதியில், அதாவது ஈ.பி.எப்.இல், ஒரு கணக்கு இருக்கவேண்டும். அந்தக் கணக்கின் நிலையைச் சொல்லும் கூற்றை மத்திய வங்கி தொழில்தருநர் ஊடாக அனுப்பும்போது, அதைப் பெயருக்குரியவரின் கையில் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. பல இடங்களில் அது அலுவலக மேசை லாச்சியோடு நின்றுவிடுகிறது. கையில் கிடைத்தவர்களிலும் பலர் அடியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். இரண்டையும் மாற்றும்படி கேட்கத்தான் இந்த மடல்.

கூற்றில் உள்ள பிழையை அதே ஆண்டில் கண்டால் ஒரு கடிதத்தோடும் சம்பளப் பதிவேட்டின் பிரதியோடும் திருத்திவிடலாம். ஐம்பத்தைந்து வயதில் காசு எடுக்கப் போகும்போது கண்டால், அப்போது கடை கைமாறியிருக்கும், பதிவேடு செல்லரித்திருக்கும், கணக்கு எழுதியவர் எங்கோ போயிருப்பார். 1990களின் இடப்பெயர்வுகளில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் உள்ள ஊர் இது. கடதாசி இல்லாமல் ஓர் உரிமையை நிறுவுவது எவ்வளவு கடினம் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

முதலில் அடிப்படை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் உழைப்பூதியத்தில், அதாவது சம்பளமும் அதோடு சேரும் படிகளும் கூடிய தொகையில், 8 வீதம் அவரிடமிருந்து கழிக்கப்படும். அதோடு 12 வீதம் நீங்கள் உங்கள் காசிலிருந்து சேர்க்கவேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம், அதுவும் முழுக்க உங்கள் காசு. அந்த 12 வீதத்தையோ 3 வீதத்தையோ ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஒரே ஒருவர் வேலை செய்தாலும் சட்டம் பொருந்தும். பயிற்சிக் காலம், தற்காலிகம், நாட்கூலி என்று தள்ளிப்போடவும் முடியாது. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே பங்களிப்பு உண்டு.

இனிக் கூற்றுக்கு வருவோம். கண்கள் தொகைக்கு ஓடுவதற்கு முன் தலைப்பகுதியைப் பார்க்கவேண்டும். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

அங்கே நிறுவன இலக்கம், உறுப்பினர் இலக்கம், பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்கும். உறுப்பினர் இலக்கம் ஆளுக்கு ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். துணிக்கடையில் நான்கு வருடம், மருந்தகத்தில் ஆறு வருடம், பிறகு விடுதியில் மூன்று வருடம் என்று வேலை செய்தவருக்கு மூன்று இலக்கங்களும் மூன்று மீதிகளும் இருக்கலாம். அவற்றை ஒருவருடையவை என்று கட்டி வைப்பது அடையாள அட்டை இலக்கம்தான். அதில் ஓர் எண் பிசகினால் காசு வங்கிக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஆளின் கணக்கில் சேராமல் நிற்கும். உங்களிடம் செலுத்திய பற்றுச்சீட்டு இருக்கும், ஊழியரின் கூற்றில் அந்த மாதம் வெறுமையாக இருக்கும். இருவரும் உண்மை சொல்வார்கள், இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள்.

பழைய அட்டையும் புதிய அட்டையும் கலந்து புழங்குவதால் இந்தப் பிழை கூடுதலாக நடக்கிறது. பழைய இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும். புதியது பன்னிரண்டு எண்கள். 1985இல் பிறந்தவரின் பழைய இலக்கம் 85 என்று தொடங்கும், புதியது 1985 என்று தொடங்கும். அடுத்த மூன்று எண்கள் பிறந்த நாள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அதன் பின் ஒரு பூச்சியம் புகும், பழைய இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள் அப்படியே வரும், எழுத்து போய்விடும். அந்தப் பூச்சியத்தை விட்டுவிடுவதும் வேறிடத்தில் போடுவதும் சாதாரணமாக நடப்பவை. தயவுசெய்து கையால் மாற்றி எழுதாதீர்கள். அட்டையை வாங்கிப் பார்த்து எழுதுங்கள், அதன் பிரதியைக் கோப்பில் வையுங்கள்.

பெயர் விடயத்தில் எங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் தகப்பனின் முழுப்பெயரோடு, அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டலில், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தோடு, கலியாணத்துக்குப் பிறகு கணவனின் முதலெழுத்தோடு என்று ஒரே பெண்ணின் பெயர் நான்கு விதமாக இருக்கும். மீளப்பெறும் காசு அவரது வங்கிக் கணக்குக்குத்தான் போகும். ஆகவே கூற்று, அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது. உறுப்பினர் இறந்தால் காசு யாருக்கு என்று குறித்த பெயரையும் கலியாணத்துக்குப் பின் புதுப்பிக்கச் சொல்லுங்கள். தாயின் பெயரைக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது தொகைகள். ஆண்டுத் தொடக்க மீதி, அந்த ஆண்டின் பங்களிப்பு, வட்டி, ஏதாவது எடுத்திருந்தால் அது, கடைசியில் ஆண்டு இறுதி மீதி. இந்த ஆண்டின் தொடக்க மீதி போன ஆண்டின் இறுதி மீதியோடு சதம் பிசகாமல் ஒத்துப்போகவேண்டும். அதனால்தான் பழைய கூற்றுகளை எறியக்கூடாது.

பங்களிப்பைச் சரிபார்க்கச் சம்பளச் சிட்டை வேண்டும். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 32,000 ரூபா, சாப்பாட்டுப் படி 4,000 ரூபா என்று வைப்போம். படியும் உழைப்பூதியத்தில் சேரும், ஆகவே கணக்கிடவேண்டிய தொகை 36,000. அதில் 8 வீதம் 2,880, 12 வீதம் 4,320, கூட்டினால் மாதம் 7,200, வருடம் 86,400. நம்பிக்கை நிதிக்கு வேறாக மாதம் 1,080. ஆனால் பல இடங்களில் 32,000க்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். அப்போது சேமலாப நிதிக்குப் போவது மாதம் 6,400, வருடம் 76,800. வருடத்துக்கு 9,600 குறைவு. பத்து வருடத்தில் 96,000, அதன் மேல் ஏறியிருக்கவேண்டிய வட்டி வேறு.

எது சேரும், எது சேராது என்பதில்தான் வாக்குவாதம் வரும். சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படியும் அதுபோன்ற படிகளும், விடுமுறை நாளுக்கான கொடுப்பனவு, சாப்பாட்டுப் படி, விற்பனைக் கொமிஷன், துண்டுக் கணக்குக் கூலி எல்லாம் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. நகைக்கடையிலும் புடவைக்கடையிலும் கொமிஷன்தான் சம்பளத்தின் பெரிய பங்கு. அதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் ஊழியரின் முதுமைக் காசில் பெரும்பகுதி காணாமல் போகும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி மீதியைப் படி என்று பெயர் மாற்றி எழுதச் சொல்லிக் கொடுக்கும் கணக்காளர்கள் இருக்கிறார்கள். அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். தொழில் உத்தியோகத்தர் புத்தகங்களைப் பார்வையிடும்போது பெயரை அல்ல, கொடுப்பனவின் தன்மையைத்தான் பார்ப்பார்.

கூற்றில் ஒரு மாதம் குறைந்தால் உடனே சண்டைக்குப் போகவேண்டாம் என்று ஊழியருக்கும் சொல்கிறோம். ஒரு மாதத்தின் பங்களிப்பை அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் செலுத்தினால் போதும். டிசம்பர் மாதத்துக்குரியது ஜனவரியில்தான் போகும். எந்த மாதம் வரை பதிவாகியிருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். சம்பளமில்லா விடுமுறை எடுத்த மாதத்தில் தொகை குறைவதும் இயல்பு. நடுவில் மார்ச் வெறுமையாக இருந்து ஏப்ரலில் மறுபடி வந்தால் அது வேறு கதை. ஒன்று அந்த மாதம் கட்டவில்லை, அல்லது மாதாமாதம் ஊழியர் பெயர்களையும் பங்களிப்புத் தொகைகளையும் எழுதி அனுப்பும் சி படிவத்தில் அவர் பெயர் விடுபட்டிருக்கிறது, அல்லது இலக்கம் பிழைத்திருக்கிறது. மூன்றில் எதுவென்று உங்கள் சி படிவப் பிரதி சொல்லிவிடும். படிவத்தின் கூட்டுத்தொகையும் நீங்கள் செலுத்திய தொகையும் ஒத்துப்போகாவிட்டால் ஒருவருடைய பிழை எல்லோருடைய கணக்கையும் தாமதப்படுத்தும்.

பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் எப்படி ஏறும் என்பது பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. பத்து நாள் வரை 5 வீதம், ஒரு மாதம் வரை 15, மூன்று மாதம் வரை 20, ஆறு மாதம் வரை 30, பன்னிரண்டு மாதம் வரை 40, அதற்கு மேல் 50. மேலே சொன்ன சம்பளத்தில் பத்துப் பேர் வேலை செய்யும் கடை ஒரு மாதப் பங்களிப்பான 72,000 ரூபாவை நான்கு மாதம் பிந்திக் கட்டினால் 21,600 ரூபா கூடுதலாகப் போகும். எந்த வங்கிக் கடனும் இவ்வளவு விலை கேட்காது. கட்டாமலே விட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றம் ஊடாக அதைக் குற்றப்பணம் போல அறவிட முடியும். வியாபாரம் படுத்த மாதங்களில் முதலில் தள்ளிப்போடப்படுவது இந்தக் கொடுப்பனவுதான் என்பது எங்களுக்குத் தெரியும். அதில் 8 வீதம் ஏற்கனவே ஊழியரின் சம்பளத்தில் கழித்த காசு. அது உங்கள் காசே அல்ல.

வட்டியைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. தொடக்க மீதியை அந்த ஆண்டின் வட்டி வீதத்தால் பெருக்குங்கள். 2022க்கு 9 வீதம், 2023க்கு 13 வீதம் அறிவிக்கப்பட்டது. தொடக்க மீதி 6,00,000 என்றால் 2022இல் 54,000, 2023இல் 78,000. ஆண்டு நடுவில் எதுவும் எடுக்காதவருக்கு வட்டி இதைவிடக் குறைந்திருந்தால் கேள்வி கேட்கவேண்டும். வேலையை விட்டு நின்றாலும், நிறுவனமே மூடிப்போனாலும், கணக்கில் மீதி இருக்கும்வரை வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். முந்தி மூடப்பட்ட தொழிற்சாலைகளிலும் கொம்பனிகளிலும் வேலை செய்தவர்கள், “அது போச்சு” என்று கைவிட்டிருந்தால், அடையாள அட்டையோடு ஒருமுறை தேடிப் பார்க்கட்டும்.

இறுதி மீதியை மாதாந்த ஓய்வூதியம் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அரச ஊழியரின் ஓய்வூதியம் வேறு. இது ஒரே தடவையில் வரும் முழுத்தொகை. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையிலிருந்து விலகி எடுக்கலாம். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக வெளிநாடு குடிபெயர்வோர், ஓய்வூதியமுள்ள அரச வேலைக்குப் போவோர், நிரந்தரமாக இயலாமற் போனோர் அதற்கு முன்னரும் எடுக்க முடியும். இந்த நான்கும் எங்கள் ஊரில் அன்றாடம் நடப்பவை. பத்து வருடப் பங்களிப்பும் குறைந்தது 3,00,000 ரூபா மீதியும் உள்ளவர் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை, உச்சமாக 20 லட்சம் ரூபா, வேலையில் இருந்துகொண்டே எடுக்கலாம். கூற்றின் கடைசி வரியைப் பார்த்தால்தான் தனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்றே ஒருவருக்குத் தெரியும். நம்பிக்கை நிதிக்குத் தனிக் கூற்று. அதை இதோடு கூட்டிப் பார்க்கக்கூடாது.

உங்களிடம் கேட்பது இவைதான். கூற்று வந்த கிழமையே பிரிக்காமல் உரியவர் கையில் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள். இணையவழியாகத் தங்கள் கணக்கைப் பார்க்கப் பதிவு செய்ய விரும்புவோருக்கு நிறுவனக் கடிதம் தேவைப்பட்டால் மறுக்காதீர்கள். சம்பளச் சிட்டையில் 8, 12, 3 மூன்றையும் தனித்தனியாக, எந்தத் தொகைக்குக் கணக்கிட்டீர்கள் என்பதோடு எழுதுங்கள். சிட்டையே கொடுக்காத கடைகள் இந்த மாதமே ஒரு துண்டிலாவது எழுதிக் கொடுக்கத் தொடங்குங்கள். கடையின் பெயரையோ உரிமையையோ மாற்றினால் பழைய நிறுவன இலக்கத்தையும் அதன் சி படிவங்களையும் புதிய உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவருடன் மனக்கசப்பு இருந்தாலும், சேர்ந்த திகதி, விலகிய திகதி, நிறுவன இலக்கம், உறுப்பினர் இலக்கம் நான்கும் உள்ள கடிதத்தை அன்றைக்கே கொடுங்கள். கூற்றில் குறைபாடு கண்டு அவர் யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது அந்த நான்கும் அடையாள அட்டையும் சம்பளச் சிட்டைகளும்தான்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கும் தொழிற் சட்டமும் அறிந்த சிலர்,
யாழ்ப்பாணம்