இன்வெர்ட்டர் வாங்கும் முன் அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

மாடியில் சோலார் போட நீ வாங்கி அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு முறை படித்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

இரண்டிலும் பேனல் ஒன்றுதான், 540 வாட்டில் ஆறு. வித்தியாசம், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரில். முதல் ஆள் ஆன்-கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு சேர்ந்து ஓடுவது, போட்டிருக்கிறார். "கரண்ட் போனாலும் பகலில் சோலார் ஓடும்" என்று அவர் சொன்னாராமே, ஓடாது அம்மாடி. ஆன்-கிரிட் இன்வெர்ட்டருக்கு லைனில் கரண்ட் இருக்க வேண்டும். லைன் செத்தால் இரண்டு நொடிக்குள் அதுவும் நின்றுவிடும். மாடியில் வெயில் கொளுத்தும், கீழே ஃபேன் சுற்றாது. அது கோளாறு இல்லை, அப்படித்தான் அதைச் செய்கிறார்கள்.

ஏன் அப்படி என்று உனக்குத் தெரிய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம்தான் மின்வாரியத்தில் எங்களை லைன் வேலைக்கு அனுப்பினார்கள். உனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து, கம்பிமேல் கிடந்தது. ஒரு தெருவில் எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்சைத் திறந்துவிட்டுத்தான் என்னோடு வந்தவர் கம்பம் ஏறினார். லைன் செத்த லைன்தான். ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் ஜெனரேட்டரை, தெரு லைனைப் பிரித்துவிடும் சேஞ்சோவர் ஸ்விட்ச் இல்லாமல் ப்ளக்கில் சொருகி ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாக லைனுக்கு ஏறிவிட்டது. அவர் பெல்ட் கட்டியிருந்ததால் கீழே விழவில்லை. வலது கை வெந்துபோனது. ட்ரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பியிருந்தால் அந்தப் பக்கம் 11,000 வோல்ட், ஆளே மிஞ்சியிருக்க மாட்டார். அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, தெரியவில்லை. லைன் செத்தால் இன்வெர்ட்டரும் சாக வேண்டும் என்று வைத்திருப்பது அந்தக் கைக்காகத்தான். "அதை ஏமாற்றி ஓட வைக்கலாம்" என்று எவன் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடு.

சரி, உனக்கு எது வேண்டும்? சென்னையில் உன் அண்ணனுக்கு ஆன்-கிரிட்டே போதும் என்றேன். அங்கே கரண்ட் போவது குறைவு, பில் குறைந்தால் சரி. உன் ஊர் கடலுக்குப் பக்கம். கஜாவுக்கு அப்புறம் அங்கே நான் பார்த்த இருட்டு நாள் கணக்கில் இல்லை, வார கணக்கில். கைக்குழந்தை வேறு இருக்கிறது. நான் இரண்டாவது ஆள் போட்டிருக்கிற ஹைப்ரிட்தான் சொல்வேன். அது லைன் போனதும் தெருப்பக்கத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு, வீட்டுக்குள் மட்டும் பேனலிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் கொடுக்கும். விலை கூடத்தான்.

நீ எழுதிக் கொடுத்த ராத்திரிக் கணக்கு: மூன்று ஃபேன் 225 வாட், ஐந்து பல்பு 50, டிவி 80, மோடம் 15, ஃபிரிட்ஜ் சராசரியாக 60. மொத்தம் 430. ஆறு மணி நேரத்துக்கு இரண்டரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. டியூபுலர் (தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் பேட்டரி) என்றால் 12 வோல்ட் 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) நான்கு வேண்டும். காகிதத்தில் 7.2 யூனிட், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், 3.6 என்றே வை. 48 வோல்ட் 100 ஏ.ஹெச். லித்தியம் ஒன்று 4.8 யூனிட், 80 சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம். தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தானா என்று கேட்டு வாங்கு. அந்த இன்வெர்ட்டர் கம்பெனியின் பட்டியலில் அந்த பேட்டரி இருக்கிறதா என்பதையும் பார்.

போர் மோட்டாரை மட்டும் பேக்கப்பில் சேர்க்காதே. ஒன்றரை ஹெச்.பி. என்றால் 1100 வாட்தானே என்று தோன்றும். கிளம்பும்போது அதுபோல ஐந்தாறு மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் கையை விரித்துவிடும். புயல் என்று செய்தி வந்ததும் முதலில் டேங்கை நிரப்பிவிடு.

விலையைக் குறைக்க 2 கிலோவாட் இன்வெர்ட்டருக்கும் இறங்க வேண்டாம். சூர்யா கர் என்கிற மத்திய அரசின் மாடி சோலார் திட்ட மானியம் பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது சிறியதோ அதை வைத்துத்தான். 3 கிலோவாட்டுக்கு 78,000, இரண்டுக்கு 60,000.

அப்புறம் பக்கத்து வீட்டுத் தென்னை. மூன்று மணிக்கு மேல் மேற்கு மூலையில் நிழல் விழுவதைப் போன தடவை பார்த்தேன். ஆறு பேனலையும் ஒரே வரிசையாகக் கோர்த்தால் நிழல் படுவது மற்றதையும் இழுக்கும். எம்.பி.பி.டி., அதாவது பேனல் வரிசையிலிருந்து முடிந்த அளவு கரண்டை எடுக்கும் பகுதி, இரண்டு இருக்கிற மாடலாகக் கேட்டு, மூன்று மூன்றாகப் பிரிக்கச் சொல். மூன்று பேனல் சேர்ந்தால் வேலை செய்யும்போது 120 வோல்ட் சுமார்தான் வரும், அதற்கு அந்த மாடல் இயங்குமா என்று டேட்டாஷீட்டைக் காட்டச் சொல். மரத்தை வெட்டச் சொல்லிப் போய் நிற்காதே. கஜாவில் தப்பித்த மரம் அது.

இன்வெர்ட்டரை மொட்டை மாடி வெயிலில் மாட்ட விடாதே, சூடானால் தானே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். படிக்கட்டு ஹெட்ரூம் வடக்குச் சுவர் நல்ல இடம். எர்த் குழி தனியாக, இடி மின்னலில் திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் எஸ்.பி.டி. பேனல் பக்கம், லைன் பக்கம் இரண்டிலும்.

வேலை முடிந்ததும் நல்ல வெயிலில் மெயினை இறக்கிப் பார்க்க வேண்டும். வீட்டில் விளக்கு எரிய வேண்டும், மெயினுக்கு வீட்டுப்பக்க முனையில் டெஸ்டர் வைத்தால் எரியக் கூடாது. அதை மாட்டியவர் செய்து காட்டும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதே. தேதி முடிவானதும் போன் பண்ணு. முந்தின நாள் ராத்திரி பஸ்ஸில் நான் டெஸ்டரோடு வந்துவிடுகிறேன்.

அப்பா