பிராஞ்ச் மாறலாமா, கூடாதா? சேரும் முன்பே சொல்லிவிடுங்கள்

பொறியியல் கலந்தாய்வை நடத்தும் அதிகாரிகளுக்கும், அதில் இடம்பெறும் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கும் ஆசிரியை. ரிசல்ட் வந்த பிறகும் எங்களுக்கு வேலை முடிவதில்லை. வீட்டில் கல்லூரிப் பக்கம் போனவர்களே இல்லாத பிள்ளைகள், எந்தக் கல்லூரி, எந்த பிராஞ்ச் (பாடப்பிரிவு) என்று கலந்தாய்வுக்கான சாய்ஸ் நிரப்ப எங்களிடம்தான் வருவார்கள். வரட்டும், அதில் எனக்குச் சந்தோஷம்தான். என் குறை வேறு.

இந்த ஆண்டு வந்த ஒரு மாணவிக்கு நல்ல கட் ஆஃப். கணக்கு பிடிக்கும், வேதியியலும் பிடிக்கும், பழுதான எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற கை. "எந்த பிராஞ்ச்மா?" என்று கேட்டேன். "தெரியல மிஸ். படிச்சுப் பார்த்தாத்தானே தெரியும்?" என்றாள். பதினேழு வயதில் இதைவிட நேர்மையான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

சரி, பிராஞ்சை விட்டுவிட்டுக் கல்லூரியைப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். முதல் ஆண்டு முடிந்ததும் பிராஞ்ச் மாற வழியுள்ள கல்லூரி எது, அங்கே எத்தனை பேருக்கு இடம் கிடைக்கும், எவ்வளவு மார்க் வேண்டும் என்று தேடினோம். கல்லூரி இணையதளங்களில் வேலை கிடைத்தவர்களின் புகைப்படம் இருக்கிறது, பஸ் ரூட் இருக்கிறது, விடுதியில் சலவை இயந்திரம் உண்டு என்பதுகூட இருக்கிறது. பிராஞ்ச் மாறும் விதி மட்டும் இல்லை. ஃபோன் செய்தோம். "முதல்ல சேருங்கம்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றது ஒரு கல்லூரி. "அது மேனேஜ்மென்ட் முடிவு" என்றது இன்னொன்று. மற்றொரு கல்லூரியில் அந்தக் கேள்வியையே அவர்கள் கேட்டதில்லை போலும், யாரையோ கூப்பிடப் போனவர் திரும்ப வரவேயில்லை.

சாய்ஸ் பட்டியல் எப்படி இயங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வரியும் ஒரு கல்லூரி, ஒரு பிராஞ்ச். 'இந்தக் கல்லூரி போதும், பிராஞ்ச் பிறகு' என்று எழுத அதில் இடமே கிடையாது. அதனால் அந்தப் பெண் ஒரே கல்லூரியை ஐந்து பிராஞ்சோடு ஐந்து வரியாக எழுதினாள். எது மேலே, எது கீழே என்று அவளுக்கே தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை வைத்து வரிசைப்படுத்தினாள். தற்காலிக ஒதுக்கீட்டில் நான்காவது வரி கிடைத்தது. இரண்டு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்: ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே இருப்பதற்குக் காத்திருப்பதா, வேண்டாம் என்று சொல்லிக் காத்திருப்பதா, அடுத்த சுற்றுக்குப் போவதா, விலகுவதா. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மேலே இருக்கற மூணும் இதைவிட நல்லதா மிஸ்?"

அவற்றை மேலே எழுதியவள் அவள்தான். பதில் சொல்ல என்னிடமும் எதுவும் இல்லை. பிராஞ்ச் மாறும் விதி அச்சில் இருந்திருந்தால், இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இத்தனை அவசரமும் எதற்கு என்றுதான் புரியவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில், முதல் செமஸ்டர் எப்படி இருந்தது என்று பாருங்கள். அணிகளும் நுண்கணிதமும், பொறியியல் இயற்பியல், பொறியியல் வேதியியல், பைதான், ஆங்கிலம், தமிழர் மரபு. சிவில் பிள்ளைக்கும் அதே பாடம், கம்ப்யூட்டர் பிள்ளைக்கும் அதே பாடம். எல்லாரும் ஒன்றையே படித்தார்கள், ஆனால் நுழையும் முன்பே ஆளுக்கொரு பெயர்ப்பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

பொறுத்திருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வது நடக்காத காரியமும் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பில், முதல் மூன்று செமஸ்டர் பொதுவாகப் படித்த பிறகுதான் முதன்மைப் பாடத்தை முடிவு செய்தார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் முதலாண்டு மாணவருக்குத் துறையே கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பும், இளநிலை மாணவர் இரண்டாம் செமஸ்டர் முடிவில் முதன்மைப் பாடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. அந்தக் கட்டமைப்பில் எனக்கு ஒவ்வாதவை நிறைய உண்டு. இந்த ஒரு வரியோடு சண்டை இல்லை.

உங்கள் பக்க நியாயமும் தெரியும். கதவைத் திறந்தால் எல்லாரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடுவார்கள், சிவிலிலும் மெக்கானிக்கலிலும் பெஞ்சுகள் காலியாகும், அங்கே இருக்கும் பேராசிரியர்கள் என்ன செய்வார்கள்? இது உண்மையான கவலை. பிராஞ்ச் மாற வேண்டும் என்ற ஒரே நினைப்பில் பிள்ளைகள் முதலாண்டு முழுவதும் மார்க்குக்காக வதைபடுகிறார்கள் என்று சொல்லி, சில ஐ.ஐ.டி.கள் அண்மையில் அந்த வழியை மூடிவிட்டன. எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மூடியதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மூடினார்கள். சேரப்போகும் பிள்ளைக்கு அது தெரியும். நம்மிடம் இருப்பது பாதி சாத்திய கதவு. திறந்திருக்கிறதா இல்லையா என்பது உள்ளே போய், கட்டணம் கட்டி, சான்றிதழ்களை ஒப்படைத்த பிறகுதான் தெரிகிறது.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும், சைபர் செக்யூரிட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸும் பிசினஸ் சிஸ்டமும். இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று ஒரு கல்லூரியின் விசாரணை மேசையில் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் மேடம், கடைசி வருஷம்தான் கொஞ்சம் மாறும்" என்றார் அங்கிருந்தவர். கடைசி வருஷம் கொஞ்சம் மாறப்போவதைத்தான் எங்கள் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்த கையோடு ராத்திரி முழுக்க விழித்திருந்து வரிசைப்படுத்துகிறார்கள். புதுப் பெயர் சூட்டுவதில் காட்டும் சுறுசுறுப்பில் கால்வாசியை விதியை அச்சிடுவதில் காட்டலாம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்க வந்தது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. முதலாண்டைப் பொதுவாக்குவதெல்லாம் நீங்கள் குழு அமைத்து, நிதானமாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். அதுவரை இந்தச் சின்ன வேலையைச் செய்யுங்கள். பிராஞ்ச் மாற அனுமதி உண்டா, எப்போது, என்ன தகுதி, சென்ற ஆண்டு எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற விவரத்தை ஒவ்வொரு கல்லூரியிடமும் எழுத்தில் வாங்குங்கள். சாய்ஸ் நிரப்பும் பக்கத்தில் கல்லூரியின் எண்ணுக்கு அருகிலேயே அதைப் போடுங்கள். முதல்வர்களே, கலந்தாய்வு அதிகாரிகள் கேட்கும் வரை காத்திராமல் உங்கள் இணையதளத்தில் நீங்களே போட்டாலும் நல்லது.

"எங்கள் கல்லூரியில் மாறவே முடியாது" என்பதுதான் பதில் என்றால் அதையே போடுங்கள், தயவுசெய்து. அடுத்த ஆண்டு என்னிடம் வரும் பிள்ளை அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே இறக்கிக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஒரு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை